நாற்பதுக்கு முன்னால் ஒரு பள்ளம்

மதிப்பெண்களின் படத்தைப் பார்த்ததும் அவளுக்கு முதல் சந்தேகம் தன் மேல்தான் வந்தது. எங்கோ சில வரிகளைத் தவறவிட்டிருக்க வேண்டும். கணினியில் போட்ட கணக்கை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அதே படம் வந்தது. எழுந்து போய் முகம் கழுவி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மூன்றாவது தடவையும் போட்டாள். அது அசையவில்லை.

தேர்வு அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவு என்பது கடைசி மாடியில் ஒரே ஒரு அறை. இரண்டு மேசைகளில் ஒன்றுக்கு உரியவர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. மிச்சமிருந்த ஒருத்தி இவள்தான். ஒவ்வொரு வருடமும் முடிவுகள் வெளியானதும் ஆண்டறிக்கை தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் சராசரி மதிப்பெண், திட்டவிலக்கம், பக்கத்தில் அலங்காரத்துக்கு ஒரு பட்டைப் படம். சராசரி என்பது கூட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லும். எவ்வளவு தூரம் சிதறி நிற்கிறது என்பதை விலக்கம் சொல்லும். வரலாற்றுப் பாடத்துக்கு இந்த இரண்டும் வருடா வருடம் ஏறக்குறைய ஒன்றுதான்: சராசரி ஐம்பத்திரண்டு, விலக்கம் பதினான்கு. இந்த வருடமும் அப்படியே இருந்தன, வீட்டில் ஒன்றுமே நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

ஆனால் படத்தை இந்தத் தடவை அவள் வேறு மாதிரி வரைந்திருந்தாள். இதுவரை மதிப்பெண்கள் பத்துப் பத்தாகக் கட்டப்பட்டுத்தான் மேலே வரும். இந்த வருடம்தான் ஒவ்வொரு விடைத்தாளின் மதிப்பெண்ணும் தனித்தனியாக அவள் கணினிக்கு வந்தது. சரி, கைக்குக் கிடைத்ததை விடுவானேன் என்று ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு பட்டை வீதம் வரைந்து பார்த்தாள். பட்டைகள் இடது ஓரத்திலிருந்து மலைச்சரிவு போல ஒழுங்காக ஏறின. முப்பத்தாறு வாங்கியவர்கள் நானூற்றைம்பது பேர். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. முப்பத்தேழில் தரை. முப்பத்தெட்டிலும் முப்பத்தொன்பதிலும் தரை. மூன்று பட்டைகளையும் சேர்த்தால் மொத்தம் இருபத்தொன்பது பேர்தான் இருந்தார்கள். தேர்ச்சி மதிப்பெண்ணான நாற்பதில், கோயிலே இல்லாத ஊரில் முளைத்த கோபுரம் மாதிரி, ஒரு பட்டை படத்தின் மேல் விளிம்பையே முட்டிக்கொண்டு நின்றது. அதற்கப்புறம் மறுபடி சாதுவான மலை.

மற்றப் பாடங்களையும் வரைந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் நாற்பதுக்கு முன்னால் அதே பள்ளம்.

வரலாறு முப்பதாயிரம் பேர் எழுதிய தேர்வு. முப்பதாயிரம் பேரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு முப்பத்தெட்டைத் தாண்டிக் குதிக்க மாட்டார்கள். தாண்ட வைத்தவர்கள் திருத்தியவர்கள்தான். ஆயிரத்து ஐந்நூறு பேரையாவது கைதூக்கி விட்டிருக்கிறார்கள். ஆனாலும் சராசரிக்கு அது உறைக்கவில்லை. ஆளுக்கு ஒன்றிரண்டு மதிப்பெண்தானே, தசமப் புள்ளிக்கு அந்தப் பக்கம் ஏதோ அசைந்தது, அவ்வளவுதான்.

யார் யார் எப்படித் திருத்தியிருக்கிறார்கள் என்று பார்க்க ஆசை வந்தது. வரலாற்றுக்குத் தாள் திருத்தும் தேர்வாளர்கள் எழுபத்தைந்து பேர், ஆளுக்கு நானூறு தாள். ஒவ்வொருவர் எண்ணுக்கும் ஒரு குட்டிப் படம் போட்டாள். எழுபத்துநான்கு படங்களில் பள்ளம் இருந்தது. ஒன்றில் மட்டும் இல்லை. அந்தப் படத்தில் முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது எல்லாம் படிக்கட்டு மாதிரி வரிசையாக நின்றன. பள்ளத்துக்குள் கிடந்த இருபத்தொன்பது பேரில் இருபத்திரண்டு பேரின் தாளைத் திருத்தியது அந்த ஒருவர்தான்.

எண் இருபத்தேழு.

அந்த எண் யாருடையது என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை. இருபத்தேழு என்று எழுதிய அடையாள அட்டை அவள் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால், குடைகளோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய அக்காவின் அட்டை.

மறுநாள் காலை படத்தை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்னம்மா இது, பல்லு போன வாய் மாதிரி?"

"அதைத்தான் சார் உங்ககிட்ட கேக்க வந்தேன்."

அவர் கதவைச் சாத்தச் சொன்னார். "கேக்க என்ன இருக்கு? இது ஊரறிஞ்ச ரகசியம். முப்பத்தெட்டுல ஒரு புள்ளைய நிறுத்தி ஒரு வருஷத்தை வீணாக்க எந்த வாத்தியாருக்கு மனசு வரும்? தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாங்க. ஒரு பதில்ல அரை, இன்னொண்ணுல ஒண்ணுன்னு எங்கயாவது கிடைக்கும். போட்டுத் தள்ளிடுவாங்க."

"விதியில இருக்கா சார்?"

"விதியில இல்லாததாலதான் இத்தனை வருஷமா ஒழுங்கா நடக்குது." அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "பட்டைய அகலமாக்கிடு. பழையபடி பத்துப் பத்தா கட்டு. பள்ளம் தன்னால மூடிக்கும்."

அது உண்மைதான் என்று அவளுக்குத் தெரியும். முப்பதிலிருந்து முப்பத்தொன்பது வரை ஒரே பட்டையாகக் கட்டினால் பள்ளமும் அதற்கு முந்திய சரிவும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்துவிடும். பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் செங்குத்தான ஏற்றமாகத் தெரியும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

"அறிக்கைக்கு அப்படியே கட்டிடறேன் சார். ஆனா எல்லாரும் கைதூக்கி விடலை. ஒருத்தர் விடலை." அந்தக் குட்டிப் படத்தைக் காட்டினாள்.

"இருபத்தேழா?" இயக்குநர் சிரித்துவிட்டார். "தராசு! திருத்துற மண்டபத்துல அந்தம்மாவுக்கு அதான் பேரு. பக்கத்துல உக்காரவே ஆளுங்க யோசிப்பாங்க. சரி, அடுத்த வருஷம் அவங்களுக்கு ஓய்வு குடுத்துடலாம். சத்தமில்லாம அழைப்பை மட்டும் அனுப்பாம விட்டுட்டாப் போச்சு."

"அவங்க என் அக்கா சார்."

இயக்குநர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"அப்படின்னா வீட்டுலயே பேசிக்கோங்க" என்றார்.

வீட்டில் மூன்று பேர். தங்கையான இவள், இவள் கணவன், அக்கா. அக்கா கல்யாணம் வேண்டாம் என்று இருபத்தைந்து வயதில் சொன்னாள். சொன்ன சொல்லிலிருந்து இன்றுவரை நகரவில்லை. பள்ளியில் வரலாறு நடத்துகிறாள். பத்தொன்பது வருடமாகப் பொதுத்தேர்வுத் தாள் திருத்துகிறாள். அவள் வெட்டினால் ரொட்டித் துண்டுகள் ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். தங்கையின் கணவன் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருந்தான். வாயும் கண்ணாடி மாதிரிதான், உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிந்துவிடும்.

சாப்பாட்டு மேசையில் சூப் ஆறிக்கொண்டிருந்தபோது தங்கை பேச்சை ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒரு தாள்ல முப்பத்தொன்பது வந்தா நீ என்ன பண்ணுவே?"

"முப்பத்தொன்பது போடுவேன்."

"மறுபடி பார்க்க மாட்டியா?"

"ஏன் பார்க்கணும்? அறுபத்திரண்டு வந்தா மறுபடி பார்க்கறேனா? எல்லாத் தாளையும் ஒரே மாதிரிதான் பார்ப்பேன்." அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "எதுக்குக் கேக்கறே?"

தங்கை பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று எல்லோருடைய மதிப்பெண்களும் சேர்ந்த படம். இன்னொன்று இருபத்தேழாம் எண்ணின் படம். அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல நான் எது?"

"இது."

"நல்லாத்தானே இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. அதான் பிரச்சினை."

அவள் விளக்கிச் சொன்னாள். மற்ற எழுபத்துநான்கு பேரும் முப்பத்தேழைத் தொட்ட பிள்ளையை நாற்பதுக்கு ஏற்றிவிடுகிறார்கள். எந்தத் தாள் யார் கட்டுக்குப் போகும் என்று யாரும் முடிவு செய்வதில்லை, சீட்டுக் கலைக்கிற மாதிரி கலைத்துத்தான் போடுகிறார்கள். முப்பத்தெட்டு வாங்குகிற அளவுக்குத்தான் எழுதத் தெரிந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று வேறு கட்டுக்குப் போனால் தேர்ச்சி, அக்கா கட்டுக்கு வந்தால் தோல்வி.

மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து கணவன் எட்டிப் பார்த்தான். நாற்பதில் நின்ற கோபுரத்தின் மேல் விரலை வைத்தான்.

"அட, நான் இங்கதான் நிக்கறேன்!"

"என்ன உளறறே?" என்றாள் தங்கை.

"வரலாத்துல எனக்கு நாப்பது. கரெக்டா நாப்பது. அப்போ எங்கப்பா, 'குறி பார்த்து அடிச்சிருக்கான் பாரு'ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. நானும் இத்தனை வருஷமா அது என் சாமர்த்தியம்னு நினைச்சிட்டு இருக்கேன்." சிரித்துக்கொண்டே சொன்னவன் பாதியில் நிறுத்தினான். "யாரோ ஒரு புண்ணியவான் போட்டதா அது?"

வரலாறு போயிருந்தால் அந்த வருடம் அவன் கண் பரிசோதனைப் படிப்பில் சேர்ந்திருக்க முடியாது. அது மூன்று பேருக்கும் தெரியும். அக்கா அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்போ தப்புப் பண்றவங்க எழுபத்துநாலு பேர்" என்றாள் மெதுவாக. "தப்புப் பண்ணாதவ நான். தண்டனை மட்டும் என் கட்டுல வந்த புள்ளைங்களுக்கு. அதைத்தானே சொல்ல வந்தே?"

"நான் எதுவும் சொல்ல வரலைக்கா. படத்துல இருக்கறதைக் காட்டினேன்."

"படத்துல இருக்கறதைக் காட்டறவங்க நல்லா இருங்க." அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். சூப் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் தங்கையோடு அளந்துதான் பேசினாள். "சாவி எங்க", "மழை வரும், துணியை எடு", இவ்வளவுதான். அவளுடைய அறையில் வெளிச்சம் இருந்தது, சத்தம் இருக்கவில்லை. தங்கைக்கும் கோபம் இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. காட்டாமலே இருந்திருக்கலாம் என்று சில நேரம் தோன்றியது. காட்டாமல் இருந்து, அடுத்த வருடம் அழைப்பு வராமல் அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தால் அதுவும் சகிக்கவில்லை.

எட்டாம் நாள் அக்கா பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நேராகத் தேர்வு அலுவலகத்துக்கு வந்து, இயக்குநர் அறை வாசலில் உட்கார்ந்தாள். கூப்பிட்டதும் உள்ளே போனாள். தங்கையையும் மாடியிலிருந்து வரச் சொன்னார்கள்.

"ஒண்ணு, இந்தச் சலுகைய விதியா எழுதுங்க" என்றாள் அக்கா. "இல்லைன்னா எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு."

"உக்காருங்கம்மா" என்றார் இயக்குநர். அவள் உட்காரவில்லை. "விதியா எழுதினா என்ன ஆகும் தெரியுமா? முப்பத்தேழு வாங்கினவன் பாஸ்னு ஆயிடும். அப்புறம் முப்பத்தாறு வாங்கினவனோட அப்பா வந்து இதே நாற்காலியில உக்காந்து, 'ஒரே ஒரு மார்க் சார்'னு அழுவாரு. திருத்தறவங்களுக்கு அப்பவும் மனசு இருக்குமே, முப்பத்தஞ்சைத் தூக்கி முப்பத்தேழாக்குவாங்க. உங்க தங்கச்சி படத்துல பள்ளம் மூணு அடி தள்ளிப் போய் உக்காந்துக்கும். கோட்டை எங்க போட்டாலும் அதுக்கு ஒரு அடி கீழ ஒரு புள்ள நிக்கத்தான் செய்யும்மா."

"அப்போ எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்க."

"ஆயிரத்து ஐந்நூறு புள்ளைங்களைத் தோக்கடிக்கச் சொல்றீங்களா?"

அக்கா அந்த நாளுக்காக எத்தனையோ வாதங்களைச் சேர்த்து வைத்திருந்தாள் என்பதும், இந்த ஒன்றுக்கு மட்டும் அவளிடம் ஒன்றும் இல்லை என்பதும் தங்கைக்குத் தெரிந்தது. அக்கா கைப்பையின் வார் முறுக்கேறிக்கொண்டிருந்தது.

"சரி, இந்த வருஷம் என் கட்டுல முப்பத்தேழும் எட்டும் ஒன்பதும் வாங்கின இருபத்திரண்டு பேர் இருக்காங்க. அவங்க தாளை வேற யாராவது திருப்பிப் பார்க்கட்டும். மறுமதிப்பீட்டுக்கு இன்னும் நாள் இருக்கு. நானே எழுதித் தரேன், என் திருத்தம் கடுமையா இருந்திருக்கலாம்னு."

"இருந்திருக்கலாம்னு நினைக்கிறீங்களா?"

"இல்ல. சரியாத்தான் திருத்தினேன். ஆனா எழுதித் தரேன்."

இயக்குநர் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூடியைப் பேனாவில் மாட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"பழைய வருஷத்துத் தாளெல்லாம் எங்க வெச்சிருப்பீங்க?"

"வெக்க இடம் ஏதும்மா? ஒரு வருஷம் முடிஞ்சதும் காகித ஆலைக்குப் போயிடும். கூழாக்கி அட்டை செய்வாங்க."

அக்கா தலையாட்டினாள். வருடத்துக்கு இருபது சொச்சம் என்றால் பத்தொன்பது வருடத்துக்கு எவ்வளவு என்று அந்த அறையில் இருந்த மூவருமே மனதுக்குள் பெருக்கினார்கள்.

வரலாற்றுத் திருத்தத்துக்குப் பொறுப்பான முதன்மைத் தேர்வாளர் அந்த இருபத்திரண்டு தாள்களையும் வரவழைத்துப் பார்த்தார். இருபது பேருக்கு நாற்பது கிடைத்தது. மிச்சம் இரண்டு தாளில், "இதுக்கு மேல புண்ணியம் பண்ண இடமில்ல" என்று பழைய மதிப்பெண்ணையே விட்டுவிட்டார். அந்தச் செய்தியைத் தங்கை வீட்டில் சொன்னபோது அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அந்த ரெண்டும் எது? கடல் வாணிபம் கேள்விய அப்படியே விட்டிருந்ததா?" என்று கேட்டாள். அவளுக்குத் தாள்கள் நினைவிருந்தன. அதற்கப்புறம்தான் இருவரும் பழையபடி பேச ஆரம்பித்தார்கள். யாரும் யாரிடமும் மன்னிப்பு கேட்கவில்லை. அக்கா ஒரு நாள் காய்ச்சல் வந்த தங்கைக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், அது போதுமானதாக இருந்தது. ஆண்டறிக்கை பத்துப் பத்தாகக் கட்டிய பட்டைகளோடு அச்சாகி வந்தது. அக்கா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த வருடம் அவளுக்கும் அழைப்பு வந்தது. இயக்குநர் மறந்தாரா, வேண்டுமென்றே அனுப்பினாரா என்பது தெரியாது. போவாளா மாட்டாளா என்று தங்கையும் கணவனும் தங்களுக்குள் பந்தயம் கட்டாத குறை. அவள் போனாள்.

மண்டபத்தில் நீள நீளமான மேசைகள். எல்லோரும் தலை குனிந்து திருத்திக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் மத்தியானம் அவளுடைய தாள் கட்டுக்குள் ஒரு முப்பத்தெட்டு வந்தது. அவள் எல்லாத் தாளையும் கூட்டுகிற மாதிரியே இரண்டு தடவை கூட்டினாள். முப்பத்தெட்டுதான். தாளை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் கோடிக்கு நடந்து போய் முதன்மைத் தேர்வாளர் மேசை முன்னால் நின்றாள்.

"எனக்கு முப்பத்தெட்டுதான் வருது. நீங்க ஒரு தடவை பாருங்க."

அவர் பார்த்தார். இரண்டு இடத்தில் ஒவ்வொரு மதிப்பெண் சேர்த்தார். "நாப்பது. போதுமா?"

"கையெழுத்துப் போடுங்க."

"எதுக்கு?"

"திருத்தினது நீங்கதானே."

அவர் போட்டார். சாயங்காலத்துக்குள் அவள் இன்னும் இரண்டு தடவை வந்தாள். மறுநாள் நான்கு தடவை. மூன்றாம் நாள் அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"அம்மா தாயே, ரெண்டு மார்க் நீங்களே போட்டா என்ன குறைஞ்சா போயிடுவீங்க? எல்லாரும் போடலையா?"

"போட வரலை சார்."

"கை வலிக்குதா?"

"இல்லாத இடத்துல மார்க் எனக்குக் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. உங்களுக்குத் தெரியுது. அதனாலதான் உங்ககிட்ட வரேன்." அவள் கிண்டலாகச் சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "தெரியாததை நான் போட மாட்டேன். ஆனா எனக்குத் தெரியலைங்கறதுக்காக ஒரு புள்ள வீட்டுல உக்காரவும் கூடாது."

அவர் பெருமூச்சு விட்டார். உதவியாளரைக் கூப்பிட்டு அவளுடைய மேசையைத் தன் மேசைக்குப் பக்கத்திலேயே தூக்கிப் போடச் சொன்னார். நடை மிச்சம். ஆனால் மண்டபம் முழுக்க அதைப் பார்த்தது. முப்பத்தொன்பது வந்தால் மேலே கொண்டு போய்க் கையெழுத்து வாங்கலாம் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். கொண்டு போகக் கூடாது என்றும் எழுதியிருக்கவில்லை. வாரக் கடைசியில் இன்னும் மூன்று பேர் தாளோடு வந்து வரிசையில் நின்றார்கள். ஒருவர் மனசாட்சிக்குப் பயந்து வந்தார். இன்னொருவர் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போனதால் வந்ததாகச் சொன்னார். மூன்றாமவர் காரணம் சொல்லவில்லை. மற்றவர்கள் வழக்கம் போலத் தங்கள் இடத்திலேயே இருந்து நாற்பது போட்டுக்கொண்டிருந்தார்கள். முதன்மைத் தேர்வாளர் மதியச் சாப்பாட்டை மேசையிலேயே வைத்துச் சாப்பிடத் தொடங்கினார். ஒரு தடவை, பேனா மை தீர்ந்துபோய், அவளுடைய பேனாவைக் கடன் கேட்டார். கொடுத்தாள்.

அந்த வருடம் வரலாற்றுத் தேர்வின் முடிவுகள் மற்றப் பாடங்களுக்கு இரண்டு நாள் கழித்து வந்தன. தொலைபேசியில் காரணம் கேட்ட பெற்றோர்களிடம் அலுவலகம் மழை என்று சொன்னது.